ஒரே ஊதா மூடி ரத்த டியூப்: மெஷின்ல பிசிவி 40, சுத்திப் பார்த்தா 44. எது சரி?

நைட்டூட்டி:
வணக்கம். 40 படுக்கை ஆஸ்பத்திரி ஒண்ணுல லேப் டெக்னீஷியன். டிஎம்எல்டி (லேப் டிப்ளமோ) முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது.

போன வாரம் டெங்கு பேஷண்ட் ஒருத்தர், 28 வயசு, காய்ச்சல் அஞ்சாம் நாள். சாயங்காலம் 6 மணிக்கு செல் கவுன்டர்ல (ரத்த அணுக்களை எண்ணுற மெஷின்) பிசிவி, அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீத இடம் பிடிக்குதுங்கிற அளவு, 39.1. ராத்திரி 12 மணி சாம்பிள் வந்தப்போ மெஷினுக்கு டைலூயன்ட் (ரத்தத்தை நீர்க்க வைக்கிற திரவம்) தீர்ந்துபோச்சு. அலமாரியில கிடந்த பழைய மைக்ரோ சென்ட்ரிஃப்யூஜைத் தூசி தட்டி, மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல (கேப்பிலரி) ரத்தம் எடுத்துப் போட்டு அஞ்சு நிமிஷம் சுத்தினேன். 44. அப்படியே எழுதிக் கொடுத்துட்டேன். டியூட்டி டாக்டர் பார்த்துட்டு, ஆறு மணி நேரத்துல இவ்வளவு ஏறிடுச்சான்னு ட்ரிப்ஸைக் கூட்டிட்டார்.

காலையில டைலூயன்ட் வந்ததும், ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்த அதே ராத்திரி டியூபை மெஷின்ல விட்டேன். 40.0! பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ்ல ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, "இதுல எதும்மா என் பேஷண்டோட ரத்தம்?"னு கேட்டார். வார்டே திரும்பிப் பார்த்துச்சு. பேஷண்ட் நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டார். எனக்குத்தான் இன்னும் பதில் தெரியல.

காலை ரிப்போர்ட்: ஆர்பிசி (சிவப்பணு எண்ணிக்கை) 4.82, எம்சிவி (ஒரு சிவப்பணுவோட சராசரி அளவு) 83, ஹீமோகுளோபின் 13.3.

வார்டு_சிஸ்டர்:
எந்தக் கையில எடுத்தாங்கன்னு முதல்ல கேளுங்க. ட்ரிப்ஸ் ஓடுற கையில மேல் பக்கமா எடுத்தா ரத்தத்தோட சலைனும் வரும், பிசிவி இறங்கும். நரம்பு கிடைக்கலைன்னு டூர்னிகெட்டை (கையில கட்டுற பட்டை) ரெண்டு மூணு நிமிஷம் இறுக்கி வெச்சா ஏறும். எங்க வார்டுல இதுக்கே நாலு சண்டை நடந்திருக்கு.

மழைக்காலம்:
தட்டணு எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே? எங்க மாமாவுக்கு பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம்.

பழைய_லேப்காரன்:
மாமா நல்லா இருக்கட்டும், இங்க பேச்சு அது இல்ல. தட்டணு கேட்டு ராத்திரி முழுக்க லேபுக்கு ஃபோன் வரும். பிசிவி எவ்வளவுன்னு எந்தச் சொந்தக்காரரும் கேட்டதில்ல. டெங்குல காய்ச்சல் விடுற நேரத்துல ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசியுதான்னு காட்டுறது அதுதான். ஆரம்பத்துல இருந்ததைவிட 20% ஏறினா ஆபத்து. 39ல இருக்கிறவருக்கு அது 47 பக்கம் வரும். உன் 44 அந்த எல்லையைத் தொடல, ஆனா பாதி வழிக்கு மேல போன மாதிரி காட்டுது. டாக்டர் பயந்தது நியாயம்தான்.

சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. ஆனா இங்க டியூப் ஒண்ணே ஒண்ணு. அதனால கையை விட்டுடுவோம், கோளாறு லேபுக்குள்ளதான்.

தங்கச்சி, அரசு ஆஸ்பத்திரி லேப்ல 31 வருஷம் இருந்தேன். நான் சேர்ந்தப்போ பிசிவி பார்க்க வின்ட்ரோப் டியூப். 1929ல வின்ட்ரோப் கொண்டுவந்தது, 110 மில்லிமீட்டர் நீளம். நீண்ட மூக்குள்ள பிப்பெட்டை அடிவரைக்கும் விட்டு, குமிழ் வராம கீழிருந்து மேலே நிரப்பணும். ஒரு குமிழ் வந்தாலும் கொட்டிட்டு மறுபடி. 3000 சுற்றுல அரை மணி நேரம். டீ ஆறிப்போகும், ரத்தம் இறங்காது. அதனால இறுகுறதுன்னா என்னன்னு கண்ணால பார்த்தவன் நான்.

உன் மெஷின் பிசிவியை அளக்கவே இல்ல, கணக்குப் போடுது. செல்களை எண்ணி, ஒவ்வொண்ணோட அளவையும் பார்த்து, பெருக்கிச் சொல்லுது. 4.82ஐ 83ஆல பெருக்கி 10ஆல வகு, 40.0 வருதா? ஹீமோகுளோபினை மூணால பெருக்கிப் பாரு, 39.9. செல் சாதாரண அளவுல இருந்தா இந்த மூணு மடங்குக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும். ஆக மெஷின் பக்கம் எனக்குச் சந்தேகம் இல்ல.

கேப்பிலரில செல்லுக்கு நடுவுல கொஞ்சம் பிளாஸ்மா சிக்கிக்கிட்டு நிக்கும். அதனால சுத்தி எடுத்தது மெஷினைவிட ஒரு புள்ளி கூட இருக்கிறது இயல்பு. நாலு புள்ளி இயல்பு இல்ல. எனக்கு மூணு சந்தேகம்.

டியூபை எத்தனை தடவை கவிழ்த்துக் கலக்கினே? நின்னுபோன டியூபோட அடியில கேப்பிலரி போனா செல்தான் ஏறும். சிவப்புக்கு மேல வெள்ளணுவும் தட்டணுவும் மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு மாதிரி நிக்கும், அதையும் சேர்த்துப் படிச்சியா? சிவப்பு முடியுற இடத்துல நிறுத்தணும். ஆனா டெங்குல வெள்ளணுவும் தட்டணுவும் குறைஞ்சு அந்தக் கோடு நூல் மாதிரிதான் இருக்கும், அதுவே நாலு புள்ளி ஆகாது. மூணாவதுதான் என் ஊகம்: அந்தப் பழைய சென்ட்ரிஃப்யூஜ் முழு வேகத்துக்குப் போகல. குறைஞ்ச வேகத்துல செல் சரியா இறுகாது, சிவப்புத் தூண் உயரமாவே நிக்கும். சென்ட்ரிஃப்யூஜ் ஓரத்து ரப்பர் தேய்ஞ்சு கேப்பிலரி கசிஞ்சா இதுக்கு நேர்மாறு, குறைச்சுக் காட்டும்.

சோதனை சுலபம். வேற நல்ல ரத்தம் எடு, பத்து தடவை மெதுவா கவிழ்த்து, ரெண்டு கேப்பிலரியை எதிரெதிரா வெச்சு அஞ்சு நிமிஷம் சுத்திப் படி. அதையே இன்னொரு அஞ்சு நிமிஷம் சுத்து. அளவு இறங்கினா முதல் தடவை இறுகலைன்னு அர்த்தம். இறங்குறது நிக்கிற வரைக்கும் சுத்தி எழுதி வை.

நைட்டூட்டி:
அண்ணே, இன்னிக்குச் செஞ்சேன். மெஷின்ல 40.2 வந்த சாம்பிள். முதல் அஞ்சு நிமிஷம் 43.5. அடுத்த அஞ்சுல 42. அடுத்து 41. அதுக்கப்புறம் சுத்தினாலும் 41தான். ரெண்டு கேப்பிலரியும் ஒரே மாதிரி.

பயோமெடிக்கல்காரரைக் கூப்பிட்டேன். மோட்டாரைத் திறந்து, அதுக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷைக் கையில கொடுத்தார், அரிசி அளவுதான் மிச்சம் இருந்துச்சு. மாத்தினதும் சத்தமே வேற. முதல் அஞ்சு நிமிஷத்துலயே 41.

பெரிய டாக்டர்கிட்ட இதைத் தாள்ல எழுதிக் காட்டினேன். படிச்சுட்டு, இனிமே சுத்தி எடுத்ததுன்னா ரிப்போர்ட்ல அதை எழுதணும்னார். டெங்கு பேஷண்டுக்கு ஆரம்பத்துல எந்த முறையோ கடைசிவரைக்கும் அதே முறை, நடுவுல மாத்தவேண்டி வந்தா ஒரே டியூபை ரெண்டு விதமாவும் பார்த்துச் சொல்லணும்னும் சொன்னார். டைலூயன்ட் தீர்ந்துபோனதைப் பத்தி யாரும் பேசல, நானும் பேசல.

பழைய_லேப்காரன்:
அதையும் பேசு. இன்னொண்ணு, சென்ட்ரிஃப்யூஜ் அலமாரியில கிடந்துச்சுன்னா கேப்பிலரி அடைக்கிற களிமண்ணும் அங்கதான் காய்ஞ்சு கிடக்கும். நகத்தால அழுத்திப் பாரு. உதிர்ந்தா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு.