உபுண்டு: கோப்புகள் ஏற்கெனவே இருக்கும் ஹோமை என்கிரிப்ட் செய்வது எப்படி?

ஏலமலைக் கணக்கர்:
உபுண்டு 22.04, 240 ஜிபி எஸ்எஸ்டி, ஒரே ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்) பார்ட்டிஷன். ஹோமில், அதாவது என் கோப்புகள் இருக்கும் டைரக்டரியில், 92 ஜிபி, காலி இடம் 110 ஜிபி. ஏலக்காய் விவசாயிகளின் ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், லாட் கணக்கு எல்லாம் அதில்தான் கிடக்கிறது. ஏலம் போடியிலும் புத்தடியிலும் நடப்பதால் லேப்டாப் போடிமெட்டு வழியாக பஸ்ஸில் போய்வருகிறது. தொலைந்தால் அத்தனை பேர் ஆவணமும் அடுத்தவன் கைக்குப் போய்விடும். கோப்புப் பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் நீளமாக இருக்கும். மறுபடி இன்ஸ்டால் செய்யாமல் ஹோமை மட்டும் பூட்ட முடியுமா? பழைய கட்டுரைகளில் ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற என்கிரிப்ட் கருவியைப் போட்டிருக்கிறார்கள்.

கூடலூர் டெர்மினல்:
ஈகிரிப்ட்எஃப்எஸ் வேண்டாம்ணே. 18.04லேயே உபுண்டு இன்ஸ்டாலரிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இருக்கும் ஹோமை மாற்றித் தரும் அதன் மைக்ரேட் கருவி ஹோமைப் போல் இரண்டரை மடங்கு இடம் கேட்கும். உங்களுக்கு 230 ஜிபி ஆகிறது. அதைவிடப் பெரிய தொல்லை பெயரில் வரும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் உண்டு. ஈகிரிப்ட்எஃப்எஸ் பெயரையும் மறைத்தால் 143தான் மிஞ்சும். யூடிஎஃப்-8ல் தமிழ், மலையாளக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் குறி தனி. ‘போடிநாயக்கனூர்’ என்ற ஒரு சொல்லே 42 பைட். அப்படி நான்கு சொல், நடுவில் ஒரு தேதி என்றால் பெயர் நீளம் என்று காப்பி பாதியில் நிற்கும்.

ஈஎக்ஸ்டி4லேயே உள்ள என்கிரிப்ட் வசதியைப் பயன்படுத்தும் எஃப்எஸ்கிரிப்ட் போதும். 255 பைட் அப்படியே இருக்கும், ஒரு முழுக் காப்பிக்கு 92 ஜிபி இருந்தால் ஆயிற்று. ஆனால் அது காலி டைரக்டரியை மட்டுமே என்கிரிப்ட் செய்யும். அதனால்தான் புதிதாக ஒன்று போட்டு அதற்குள் காப்பி செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் வெளி டிஸ்க்கில் பேக்கப். அட்மின் உரிமையுள்ள வேறொரு யூசரை உருவாக்கி, உங்கள் கணக்கை லாக்அவுட் செய்துவிட்டு அதில் நுழையுங்கள். எஃப்எஸ்கிரிப்ட், லிப்பாம்-எஃப்எஸ்கிரிப்ட் இரண்டு பேக்கேஜும் வேண்டும். இரண்டாவதை விட்டால் லாகின் செய்யும்போது ஹோம் தானாகத் திறக்காது. பிறகு டியூன்2எஃப்எஸ் கட்டளையில் பெரிய ‘ஓ’ ஆப்ஷனோடு என்கிரிப்ட் வசதியை அந்தப் பார்ட்டிஷனுக்கு இயக்கி, சூடோவோடு எஃப்எஸ்கிரிப்ட் செட்டப் கொடுங்கள். பூட் செய்யும் கிரப் 2.04க்குப் பழையதாக இருந்தால் இந்த வசதி இயங்கும் பார்ட்டிஷனைப் படிக்காது, பூட் ஆகாது; 22.04ல் அந்தக் கவலை இல்லை.

ஹோமுக்குப் பக்கத்திலேயே காலி டைரக்டரி ஒன்று போட்டு, சோன் கட்டளையால் உங்கள் யூசருக்கு உரிமை மாற்றி, எஃப்எஸ்கிரிப்ட் என்கிரிப்ட் கொடுங்கள். யூசர் ஆப்ஷனில் உங்கள் பெயர், கேட்கும்போது லாகின் பாஸ்வேர்டு வகை. சிபி கட்டளையில் சின்ன ‘ஏ’, பெரிய ‘டி’ போட்டுக் காப்பி செய்தால் உரிமை, தேதி எதுவும் மாறாது. முடிந்ததும் பழைய ஹோமின் பெயரை மாற்றி, புதியதற்கு அந்தப் பெயரை வையுங்கள். ரீபூட் செய்து, முதலில் அட்மின் யூசரிலிருந்து பாருங்கள்: உள்ளே பெயர்கள் புரியாத எழுத்தாகத் தெரிய வேண்டும். பிறகு உங்கள் கணக்கில் நுழைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். அதுவரை பழையதை அழிக்காதீர்கள்.

செங்கோட்டை ரூட்:
தம்பி சொன்ன வழி சரிதான். ஆனால் அண்ணாச்சி, உங்கள் விஷயத்தில் அது போதாது. பழைய ஹோமை அழித்தாலும் என்கிரிப்ட் ஆகாத டேட்டா எஸ்எஸ்டியில் தங்கும். மேலெழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளை கொடுத்தால் எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் வேறு செல்லில்தான் எழுதும். பழைய செல் அப்படியே இருக்கும். காலி இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் எஃப்எஸ்ட்ரிம் ஓட்டினால் பெரும்பாலும் போகும், உறுதி கிடையாது. ஹோமுக்கு வெளியேயும் கசியும்: மெமரி நிரம்பினால் எழுதும் ஸ்வாப் ஃபைல், தற்காலிகக் கோப்புகளின் டெம்ப், பிரிண்ட் கொடுத்த ஆதார் நகல் பிரிண்டர் சேவையான கப்ஸின் ஸ்பூலில். கோப்பின் அளவு, தேதி ஆகியவற்றையும் எஃப்எஸ்கிரிப்ட் மறைக்காது.

அடுத்தவர் ஆவணம் சம்பந்தப்பட்டது, ஒரு நாள் ஒதுக்குங்கள். வெளி டிஸ்க்கை லக்ஸ் (முழு டிஸ்க் என்கிரிப்ஷன்) போட்டு ஃபார்மட் செய்து பேக்கப் எடுங்கள். லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து எஸ்எஸ்டி முழுவதையும் அழிக்கும் பிளாக்டிஸ்கார்ட் ஓட்டி, இன்ஸ்டாலரில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸுக்குள் எல்விஎம்மோடு (பார்ட்டிஷன் நிர்வாக முறை) என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். கிரிப்ட்செட்டப் ரீஎன்கிரிப்ட் கொண்டு இருந்த இடத்திலேயே மாற்றவும் முடியும். சிஸ்டமே இருக்கும் ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் யூஎஸ்பியில் ஃபைல்சிஸ்டத்தைச் சுருக்கி, 32 எம்பி ஹெடருக்கு விட்டு, பிறகு பூட்டின் தொடக்கத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப்பையும் திருத்த வேண்டும். ரீஇன்ஸ்டால் அதைவிடச் சுலபம்.

ஏலமலைக் கணக்கர்:
அப்படியே செய்கிறேன் அண்ணாச்சி. ஆபீஸில் இன்னொரு டெஸ்க்டாப் இருக்கிறது, ஹார்டு டிஸ்க். அது வெளியே போகாது, அதற்கு எஃப்எஸ்கிரிப்ட் போடலாமா? பாஸ்வேர்டு மறந்தால் அட்மின் மாற்றித் தர முடியுமா?

கூடலூர் டெர்மினல்:
போடலாம்ணே. ஆனால் அட்மின் ரூட் உரிமையோடு உங்கள் பாஸ்வேர்டை மாற்றினால் லாகின் ஆகும், ஹோம் திறக்காது. சாவி பழைய பாஸ்வேர்டில்தான் பூட்டியிருக்கும். அதனால் தனி பாஸ்ஃபிரேஸோடு இரண்டாவது புரொடெக்டர் (சாவியைத் திறக்கும் வழி) ஒன்றை இப்போதே சேர்த்து, அந்த பாஸ்ஃபிரேஸைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். ரூட் டைரக்டரியில் ‘.fscrypt’ என்று புள்ளியில் தொடங்கும் டைரக்டரி அழிந்தால் சாவியே போச்சு; அதையும் பேக்கப்பில் சேருங்கள். ஆட்டோ லாகினை நிறுத்திவிடுங்கள், பாஸ்வேர்டு கொடுக்காமல் நுழைந்தால் ஹோம் பூட்டியே இருக்கும்.