வாசல், படி வேலை செய்தபோது மறக்க முடியாமல் போன சம்பவம் இருந்தால் சொல்லுங்கள்

சிலேத்தார் பழையவீடு:
எங்களுடையது அப்பா காலத்துத் தரைவீடு. கார் நிற்கும் இடத்திலிருந்து கதவு வரை நாலு படி, பச்சை டைல்ஸ், ஓரமெல்லாம் உடைந்து, டிசம்பர் மழைக்குப் பாசி வேறு. மகள் நிச்சயதார்த்தத்துக்குள் வாசலையாவது ஆள் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடலாம் என்று ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். கொத்தவே வேண்டாம், மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம், தூசி கிடையாது, விலையும் பாதி என்றார். சரி என்று தலையாட்டும் நேரத்தில் அவருக்கு போன் வந்து கேட்டுக்கு வெளியே போய்விட்டார்.

கூட வந்த தம்பி, புதுக்கோட்டைப் பக்கம் போலிருக்கிறது பேச்சு, சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து பையிலிருந்து ஒரு டாலர் நாணயத்தை எடுத்து டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினார். சிலது 'ணங்', நிறைய 'டொக்'. "சார், டொக்குன்னு வர்றதெல்லாம் அடியில காலி. தண்ணி உள்ள போயிருக்கு. இது மேல ஒட்டுனா ரெண்டும் சேர்ந்தே கழண்டுக்கும். கதவுகிட்ட இருக்க மேடைய அவரு கணக்குல சேர்க்கல, அதயும் பாத்துக்குங்க." இவ்வளவுதான். முதலாளி திரும்பி வந்ததும் நாணயம் பைக்குள், கையில் அளவு நாடா, முகத்தில் ஒன்றுமே இல்லை. பெயரைக் கேட்கக்கூட வழியில்லை, முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

மேடை விஷயம் அப்புறம்தான் புரிந்தது. டைல்ஸும் பசையுமாக ஒன்றரை செ.மீ. ஏறும். தரையிலும் மேடையிலும் ஒட்டாமல் படிகளில் மட்டும் ஒட்டினால் முதல் படி அவ்வளவு உயரும், கடைசிப் படி அவ்வளவு குறையும். கால் பழகிய உயரத்தைத்தான் எதிர்பார்க்கும், அங்கேதான் தடுக்கும். அந்த வேலையைக் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கவில்லை. அந்தத் தம்பிக்கு இதனால் ஏதாவது ஏச்சு விழுந்திருக்குமோ என்று இன்னும் உறுத்துகிறது.

ஈசூன் அத்தை:
எங்களுக்கு ஏது மேடை, படி எல்லாம். வீவக வீடு (சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி), காரிடார், கதவுக்கு முன்னால் ஒரே ஒரு படி. வாசல் பார்க்கச் சகிக்காது, சிமெண்ட் திட்டுத்திட்டாக இருக்கும். அதனால் தேக்காவில், லிட்டில் இந்தியா கடையில், ஒட்டுகிற கோலம் வாங்கிப் படிக்கு முன்னால் பெரிதாக ஒட்டினேன், இரண்டு பக்கமும் துளசி, கறிவேப்பிலை. எல்லாரும் அழகு அழகு என்றார்கள்.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல். ஒருநாள் கதவிடுக்கில் பார்க்கிறேன், கையில் காய்கறிப் பையோடு வந்தவர் கோலத்துக்கு முன்னால் நின்று, அதை மிதிக்கக் கூடாதென்று சுவரைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போகிறார். நான் வெளியே வந்து "மிதிக்கலாம் அம்மா, வெறும் ஸ்டிக்கர்தான்" என்று கைச்சாடையில் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று தலையாட்டுகிறார். கோலத்தை அன்றைக்கே பிய்த்து, சின்னதாகப் படி மேலேயே ஒட்டிவிட்டேன்.

தொட்டி வைப்பவர்களுக்கு ஒன்று. காரிடாரில் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும், அது தீயணைப்பைப் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. செருப்பு அலமாரிக்கும் அதேதான். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம், தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வரும்.

டைல்ஸ்வாலா:
முதலில் எழுதியவர் சொல்வது பாதிதான் சரி. மேலே ஒட்டுவதே தப்பு என்பது போல் எல்லாரும் பேசுகிறார்கள். பழைய டைல்ஸ் கெட்டியாக இருந்தால் தாராளமாக ஒட்டலாம், நான் என் வீட்டில் ஒட்டினேன், நன்றாகவே இருக்கிறது. தரையையும் மேடையையும் சேர்த்து ஒட்டினால் உயரக் கணக்கு எங்கும் மாறாது.

இன்னும் சில விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பான டைல்ஸை வெளியே போடவே போடாதீர்கள், கடையில் ஆர்11 (வழுக்காத தன்மையைக் காட்டும் தர எண்) என்று கேளுங்கள், ஈரத்திலும் கால் பிடிக்கும். படியைப் புதிதாகக் கட்டினால் இரண்டு உயரமும் ஓர் அகலமும் கூட்டினால் 60 முதல் 64 செ.மீ.க்குள் வரட்டும், 15 உயரம் என்றால் 30 முதல் 34 வரை அகலம் வைக்கலாம், வயதானவர்களுக்கு அதுதான் சுகம். ஒவ்வொரு படியும் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நின்று மறுபடியும் பாசிதான். விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டை. விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் படி ஓரத்தில் தாழ்வாக வையுங்கள், உங்கள் நிழலே படியை மறைக்காது. பாசிக்கு பிளீச் ஊற்றிவிட்டுக் கூடவே அமிலம் ஊற்றாதீர்கள், நச்சு வாயு வரும். சாய்தளம் போடுகிறவர்கள் 1க்கு 12 என்ற கணக்கை மறக்க வேண்டாம், 15 செ.மீ. ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும்...

சிலேத்தார் பழையவீடு:
அண்ணே, தரைக்கும் ஒட்டினால் என் இரும்புக் கேட் தரையில் உரசும். அதோடு டொக் டொக் என்று சத்தம் வரும் டைல்ஸைத்தான் நான் சொன்னேன், கெட்டியானதை இல்லை.

தோ பாயோ பையன்:
டைல்ஸ்வாலா அண்ணே, சம்பவம் ஒரு வரி, பாடம் ஒரு பக்கம் 😄 யார் கேட்டது? ஆனால் 1க்கு 12 உண்மைதான், நான் அனுபவித்திருக்கிறேன். அம்மா சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு வாசல்படி ஒன்றே பெரிய மலையாகிவிட்டது. 1.8 மீட்டர் சாய்தளத்தைக் காரிடாரில் எங்கே போடுவது? நான் வேலைக்குப் போய்விட்டால், எதிர் வீட்டு மலாய்ப் பையன் பள்ளிவிட்டு வந்ததும் "மாக்சிக், நாயிக்!" (அத்தை, ஏறுங்கள்) என்று சத்தம் கொடுத்துக்கொண்டே நாற்காலியின் முன் சக்கரத்தைத் தூக்கி உள்ளே விடுவான். அம்மா கீழே வெற்றுத்தளத்தில், அதாவது புளோக்கின் திறந்த தரைத்தளத்தில், அவனுக்காகவே காத்துக்கொண்டிருப்பார்.

வீவகவின் 'ஈஸ்' திட்டத்தில் விண்ணப்பித்தோம். 65 வயதானவர் வீட்டில் இருந்தால் கைப்பிடி, வழுக்காத தரைப்பூச்சு எல்லாம் மானியத்தில் செய்து தருகிறார்கள், சாய்தளமும் உண்டு. 60 முதல் 64 வயதுக்காரர்களுக்கு அன்றாட வேலைக்குத் துணை தேவை என்றால் கிடைக்கும். எங்களுக்கு வந்த சாய்தளம் அலுமினியம், பார்க்க ஒன்றும் அழகில்லை. அக்கா பார்த்ததும் "என்னடா இது, லாரியில சாமான் ஏத்துற பலகை மாதிரி" என்று முகம் சுளித்தாள். அழகு வேண்டுமென்றால் அவளே வந்து தினமும் தூக்கட்டும்.

ஈசூன் அத்தை:
தம்பி, அந்தச் சாய்தளத்துக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள், மங்கின வெளிச்சத்திலும் அம்மாவுக்குத் தெரியும். கோலம் மட்டும் ஒட்டாதீர்கள், வழுக்கும்.