மறு: அழுத்த சக்தியா, நிலை ஆற்றலா?

வணக்கம்.

உயரத்தில் தொங்கும் பொருளுக்கும் இழுத்த ரப்பருக்கும் இருக்கும் 'பொட்டென்சியல் எனர்ஜி'யை நாம் இலங்கையில் அழுத்த சக்தி என்கிறோம், தமிழ்நாட்டில் நிலை ஆற்றல் என்கிறார்கள். இதில் சக்தியா ஆற்றலா என்ற சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். கண்ணகி அம்மனுக்கு வைகாசிச் சடங்கு செய்கிற ஊரில் சக்தியை விட்டுக்கொடுக்க ஆள் கிடைக்காது. எனக்குத் தலையிடி அதற்கு முன்னால் நிற்கும் 'அழுத்த' என்ற சொல்தான்.

களுவாஞ்சிக்குடியில் நான் எடுக்கும் ரியூசன் வகுப்பில் ஒரு பிள்ளை, அழுத்த சக்தியின் அலகு பஸ்கால் என்று எழுதியிருந்தாள். இரவில் தமிழ்நாட்டு யூரியூப் பாடங்கள் பார்க்கிறவள். நாம் அமுக்கம் என்று படிப்பதுதான் அங்கே அழுத்தம்; பஸ்கால் அதன் அலகு, சக்தியின் அலகு யூல். அவளில் பிழை சொல்ல மனம் வரவில்லை.

சரி, 'நிலை ஆற்றல்' என்றே வைப்போம் என்று அண்ணன் போன மடலில் எழுதியிருந்தீர்கள். அதையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 10 மீற்றர் உயரத்தில் தொங்கும் 1 கிலோகிராம் தேங்காய்க்கு ஏறத்தாழ 100 யூல். பாதி வழி விழுந்தால்? "தேங்காய்தான் நிற்கவில்லையே சேர், பிறகென்ன நிலை?" என்று கேட்டான் ஒருவன். மிச்சம் 50 யூல் அவன் கணக்கில் காணாமலே போய்விட்டது.

அதனால் என் முன்மொழிவு: அமைவுச் சக்தி. அந்த 50 யூல் தேங்காய்க்கு மட்டும் சொந்தமானதல்ல; தேங்காயும் பூமியும் எவ்வளவு தள்ளி அமைந்திருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது. இழுத்த கெட்டப்போல் (கவண்) ரப்பருக்கும் இது பொருந்தும். இங்கினியாகலை அணையில் மறித்து வைத்த கல்லோயாத் தண்ணீருக்கும் பொருந்தும். 'சேமிப்புச் சக்தி' என்றும் யோசித்தேன். ஆனால் சுழலும் பாரச் சில்லும் சக்தியைச் சேமிக்கிறது, அது இயக்க சக்தி அல்லவா.

ஊன்றிய சொல்லை அசைக்கலாமா என்று கேட்பீர்கள். 1853இல் ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ரேங்கின் 'பொட்டென்சியல்' என்று பெயர் வைத்தபோது அதன் சோடிக்கு 'அக்சுவல்', அதாவது மெய்யான சக்தி, என்றார். 1862இல் தொம்சன், ரெயிற்று என்ற இரு பௌதிகவியலாளர்கள் அதையே 'கைனெற்றிக்', அதாவது இயக்க சக்தி, என்றார்கள். இன்று அக்சுவலை யார் சொல்கிறார்கள்?

இடிப்பது மின்னழுத்தம் ('எலெக்ரிக் பொட்டென்சியல்') என்ற சொல்தான். அழுத்த சக்தியை மாற்றினால் இரண்டுக்கும் உள்ள உறவு அறுந்துபோகும். மின்னமைவு என்று எழுத எனக்கே துணிவில்லை. அண்ணன், உங்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். அதுவரை பரீட்சைத் தாளில் அழுத்த சக்தி என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் புள்ளி போய்விடும்.