போர்டு புது பிராசசரை 'மாடல் அன்நோன்'னு காட்டுது, 800லயே நிக்குது, ஏமாந்துட்டேனா?

புதுவயல் டிடிபி:

அண்ணன்மாருக்கு வணக்கம். புதுவயல்ல சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பிளெக்ஸ், கும்பாபிஷேக நோட்டீஸ் இதுதான் பொழப்பு. 2010ல வாங்குன சிஸ்டம், 760ஜி சிப்செட் உள்ள ஏஎம்2+ (பிராசசர் உக்கார்ற சாக்கெட் வகை) போர்டு, அத்லான் 2 எக்ஸ்2 250 பிராசசர், டிடிஆர்2 ராம் 4 ஜிபி, விண்டோஸ் 7. கோரல்டிரால ரெண்டு பெரிய பிளெக்ஸ் பைலைத் திறந்தாலே மூச்சு வாங்குது. புது சிஸ்டம் வாங்க இப்போதைக்கு வழியில்ல, அதான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில போன்ல பேசி பழைய பெனம் 2 எக்ஸ்6 1055டி ஒண்ணு வரவழைச்சேன், ஆறு கோர், 2.8 கிகாஹெர்ட்ஸ்.

நேத்து ராத்திரி கடையைச் சாத்திட்டு நானே மாட்டுனேன், பழைய ஃபேன் ஹீட்சிங்க்கையே பேஸ்ட் போட்டு வச்சேன். ஆன் பண்ணுனா டிஸ்ப்ளே வருது ஆனா முதல் ஸ்கிரீன்லயே 'ஏஎம்டி பிராசசர் மாடல் அன்நோன்'னு வருது, விண்டோஸ் உள்ள போயி பாத்தாலும் அதே பேருதான், டாஸ்க் மேனேஜர்ல ஆறு கட்டம் காட்டுது ஆனா ஸ்பீடு 800 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து ஏறவே மாட்டேங்குது, பெரிய பைலைத் திறந்தாலும் 800தான். பழைய அத்லானை விட மெதுவா இருக்கு. தைப்பூசம் நெருங்குது, பழனி பாதயாத்திரை நோட்டீஸ் ஆர்டர் நாலு கையில இருக்கு. கடைக்காரர் வேற எதையோ தலையில கட்டிட்டாரா? திருப்பி அனுப்பிரவா? தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

கோட்டையூரான்:

தம்பி, 1055டி அடுத்த சாக்கெட்டான ஏஎம்3க்கு வந்த சிப்பு, அதுக்கு டிடிஆர்3 போர்டு வேணும்னு நினைக்கிறேன். உங்க போர்டு டிடிஆர்2ன்னா சேராது. எதுக்கும் பவரை எடுத்துட்டு அந்த ரவுண்டு பேட்டரிய, சிஆர்2032, பத்து நிமிஷம் கழட்டி வச்சு மாட்டிப் பாருங்க. 2010 போர்டுல அந்த பேட்டரி எப்பவோ செத்திருக்கும், 40 ரூபா 50 ரூபாதான், புதுசே போட்டுருங்க.

காரைக்குடி பழைய போர்டு:

பேட்டரி மாத்துறது நல்லதுதான், ஆனா டிடிஆர்2 சேராதுங்கிறது சரியில்லண்ணே. ஏஎம்3 சிப்புக்குள்ள டிடிஆர்2, டிடிஆர்3 ரெண்டுக்கும் மெமரி கன்ட்ரோலர் இருக்கு, பின்னும் 938தான், 940 ஓட்டை உள்ள ஏஎம்2+ சாக்கெட்ல சரியா உக்காரும். தம்பியோட பழைய அத்லான் 2 250யே ஏஎம்3 சிப்புதானே, இத்தனை வருஷம் அதே போர்டுல டிடிஆர்2 வச்சு ஓடலையா?

தம்பி, நீங்க முதல்ல அந்தக் கடைக்காரரைத் திட்டி போன் போடாதீங்க. இந்தப் பேரு விஷயம் பலபேருக்குத் தெரியாம வீணா சண்டையில முடியுது. இன்டெல்ல பென்டியம் 4 வந்ததுல இருந்து பேரு சிப்புக்குள்ளயே எழுதியிருக்கும், போர்டு அதை வாசிச்சுக் காட்டும், அவ்வளவுதான். உங்க தலைமுறை ஏஎம்டி அப்படி இல்ல. சிப்புக்குள்ள பேருக்குன்னு 6 ரிஜிஸ்டர் (சின்ன நினைவு அறை) இருக்கு, ஒவ்வொண்ணும் 8 பைட், மொத்தம் 48, அதுல பேரை எழுதுறது போர்டோட பயாஸ், அதாவது ஆன் பண்ணுன உடனே முதல்ல ஓடுற போர்டு புரோகிராம், அதோட வேலை. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் பயாஸ் சிப்போட அடையாள நம்பரைக் கேக்கும், தன்கிட்ட உள்ள பட்டியல்ல தேடும், பேரை எழுதும். பட்டியல்ல இல்லைன்னா 'மாடல் அன்நோன்'னு எழுதணும்னு ஏஎம்டியே பயாஸ் எழுதுறவங்களுக்குச் சொல்லியிருக்கு. பயாஸ் எழுதுனதைத்தான் விண்டோஸும் வாசிக்குது, அதனாலதான் ரெண்டு இடத்துலயும் ஒரே பேரு. உங்க போர்டு பயாஸ் இந்த சிப்பு வர்றதுக்கு முந்தி எழுதுனதா இருக்கும், 1055டி வெளிவந்ததே 2010 ஏப்ரல்லதான்.

800ம் அதே கதைதான். அடிப்படை கிளாக் 200, சிப்பு 4 மடங்குல நிக்குது, 200 இன்டு 4 எண்ணூறு. 14 மடங்குக்குப் போனாத்தான் 2800. எந்த மடங்குக்கு எவ்வளவு வோல்டேஜ்னு விண்டோஸுக்கு ஒரு அட்டவணை கொடுக்க வேண்டியது பயாஸ், அதுக்கு சிப்பையே தெரியலைன்னா எங்க கொடுக்கும்?

சிப்பு உண்மையான்னு பாக்க சிபியு-இசட்ங்கிற, சிப்பு விவரம் காட்டுற சாப்ட்வேரைப் போட்டுத் திறங்க. 'ஸ்பெசிஃபிகேஷன்'ங்கிற வரியை விட்டுருங்க, அது பயாஸ் எழுதுன பேரு. 'கோட் நேம்' தூபன், எக்ஸ்டென்டட் ஃபேமிலி 10, எக்ஸ்டென்டட் மாடல் ஏ, எல்3 கேஷ் 6 எம்பி, கோர் 6 இதெல்லாம் வந்தா சிப்பு உண்மையான சிப்புதான். போர்டோட முழு மாடல் நம்பரும், ஓரத்துல பொடி எழுத்துல அச்சடிச்சிருக்க ரிவிஷன் நம்பரும், இப்ப உள்ள பயாஸ் வெர்ஷனும் போடுங்க. ரிவிஷன் ரொம்ப முக்கியம், ஒரே பேருல 1.0, 2.0, 3.0னு மூணு போர்டு இருக்கும், ஒண்ணோட பயாஸை இன்னொண்ணுல ஏத்துனா போர்டு போச்சு.

தேவகோட்டை சர்வீஸ்:

மேல அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. எனக்குக் கண்ணுல பட்டது வேற ஒண்ணு, "பழைய ஹீட்சிங்க்கையே வச்சேன்"னு எழுதியிருக்கீங்களே அது. அத்லான் 250 வெறும் 65 வாட். 1055டி ரெண்டு விதமா வந்துச்சு, 125 வாட் ஒண்ணு, 95 வாட் ஒண்ணு. இப்ப 800ல ஓடுறதால சூடு தெரியாது, பயாஸ் ஏத்தி 2.8க்கு போன உடனே அந்தச் சின்ன ஃபேன் தாங்காது. அதோட 760ஜி போர்டுல பாதிக்கு மேல பிராசசருக்குப் பவர் கொடுக்குற விஆர்எம் மேல ஒரு தகடு கூட இருக்காது, 125 வாட்டை இழுத்தா அது கொதிக்கும். போன வருஷம் இங்க ஒரு ஸ்டுடியோ சிஸ்டம் இப்படித்தான், சித்திரை வெயில்ல, ஏசி இல்லாத ரூம்ல, ஆல்பம் ரெண்டர் போட்டு வச்சுட்டு டீ குடிக்கப் போயிருக்காங்க, வந்து பாத்தா கருகுன வாடை. போர்டுதான் போச்சு, பிராசசர் தப்பிச்சுது.

அதனால ஃபேனைக் கழட்டி பேஸ்டைத் துடைச்சு மூடி மேல உள்ள எழுத்தைப் பாருங்க. 55டி-க்கு அடுத்து 'டபிள்யூஎஃப்கே'ன்னு இருந்தா 95 வாட், 'எஃப்பிகே'ன்னு இருந்தா 125. போர்டு கம்பெனி சைட்ல சிபியு சப்போர்ட் லிஸ்ட்ல ரெண்டும் தனித்தனி வரியா இருக்கும், எது எந்த பயாஸ்ல இருந்து ஓடும்னு பக்கத்துலயே போட்டிருப்பாங்க. ஃபேனைக் கழட்டும்போது நேரா இழுக்காதீங்க, பேஸ்ட் ஒட்டிக்கிட்டு சிப்பையும் சேத்து பிடுங்கி பின்னை வளைச்சுரும், கொஞ்ச நேரம் ஓடவிட்டு சூடாக்கி ஆஃப் பண்ணி லேசா திருகி எடுங்க. புதுவயல்னா ரைஸ் மில் தவிட்டுத் தூசி வேற, ஹீட்சிங்க் இடுக்குல கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், அதையும் ஊதி எடுத்துருங்க.

புதுவயல் டிடிபி:

ரொம்ப நன்றிண்ணே, ராத்திரி தூக்கம் வந்துச்சு. சிபியு-இசட்ல தூபன்தான், எல்3 6 எம்பி, ஆறு கோர், எல்லாம் சொன்ன மாதிரியே இருக்கு. போர்டு ரிவிஷன் 1.0, இருக்குற பயாஸ் 2009 டிசம்பர் தேதி. கம்பெனி சைட்ல என் ரிவிஷனுக்கு 2010 கடைசியில ஒரு பயாஸ் போட்டிருக்காங்க. லிஸ்ட்ல 1055டி 95 வாட் வரி மட்டும்தான் இருக்கு, 125 வரியே இல்ல. மூடியைத் துடைச்சுப் பாத்தா எஃப்பிகே. தவிட்டுத் தூசி நீங்க சொன்ன அதே கம்பளிதான்.

இப்ப பயாஸ் ஏத்தலாமா வேணாமா?

காரைக்குடி பழைய போர்டு:

ஏத்துங்க, 95க்கும் அதே பயாஸ்தான் வேணும். ஆனா இந்த சிப்பை வச்சு ஏத்தாதீங்க, போர்டுக்குத் தெரிஞ்ச பழைய அத்லானை மாட்டிக்கிட்டு ஏத்துங்க. பென்டிரைவை ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி பைலைப் போட்டு, பயாஸ் மெனுக்குள்ள இருக்குற ஃபிளாஷ் வசதியிலேயே பண்ணுங்க, விண்டோஸ்ல இருந்து பண்ற சாப்ட்வேர் வேணாம், நடுவுல ஹேங் ஆனா தீந்துச்சு. யுபிஎஸ் கட்டாயம். ஈபி ஷட்டவுன் அன்னைக்கு இல்லாத நாளாப் பாத்து பண்ணுங்க, மின்னல் மழை இருந்தா நாளைக்குத் தள்ளிப் போடுங்க. முடிஞ்சதும் பயாஸ்ல 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' ஒரு தடவை கொடுங்க.

125 சிப்பை அந்த போர்டுல தொடர்ந்து ஓட்டுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு தடவை மாட்டி பேரு வருதான்னு பாத்துட்டு எடுத்துருங்க.

கோட்டையூரான்:

டிடிஆர்2 விஷயம் எனக்குப் புதுசு, திருத்துனதுக்கு நன்றி தம்பி. ஒண்ணு மட்டும் சொல்றேன், இந்த பெனம்ல எஸ்எஸ்இ4.2ங்கிற கட்டளைத் தொகுப்பு கிடையாது, அதனால விண்டோஸ் 11ல 24எச்2 பதிப்பும் அதுக்கு மேல உள்ளதும் ஓடவே ஓடாது, புது போட்டோஷாப்பும் ஏறாது. பழைய கோரல் வச்சு ஓட்டுறவருக்குச் சரி, இதுக்கு மேல இந்த போர்டுல காசு போடாதீங்க. போடுறதா இருந்தா ஒரு எஸ்எஸ்டி போடுங்க, நாளைக்குப் புது சிஸ்டம் வாங்குனாலும் கழட்டி மாட்டிக்கலாம்.

புதுவயல் டிடிபி:

பயாஸ் ஏத்தியாச்சு, நாலு நிமிஷம் உயிரே கையில இல்ல. அத்லான்ல ஏத்தி, பெனமை மாட்டி ஆன் பண்ணுனா முதல் ஸ்கிரீன்லயே 'பெனம் 2 எக்ஸ்6 1055டி'ன்னு முழுப்பேரு வந்துச்சு, 2800ம் வந்துச்சு. சும்மா இருக்கும்போது மட்டும் 800க்கு இறங்குது, கோரல் திறந்தா ஏறுது, அது சரிதானே?

கடைக்காரர்கிட்ட நல்லபடியாத்தான் பேசுனேன், என் போர்டு 95தான் தாங்கும்னு சொன்னதும் அவரே "95 வாட் ஒண்ணு இருக்கு தம்பி, இதை அனுப்புங்க, கூரியர் செலவு மட்டும் நீங்க பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டாரு. முதல் நாள் கோவத்துல போன் போட்டிருந்தா என்ன பேசியிருப்பேன்னு நினைச்சா சங்கடமா இருக்கு. அது வர்ற வரைக்கும் அத்லானே ஓடட்டும், பாதயாத்திரை நோட்டீஸ் ரெண்டு முடிச்சு கொடுத்துட்டேன்.

தேவகோட்டை சர்வீஸ்:

சும்மா இருக்கும்போது 800 சரிதான் தம்பி, அது கூல் அண்ட் கொயட், வேலை இல்லாதப்ப தானே இறங்கிக்கும், அதை ஆஃப் பண்ணிராதீங்க. 95 வாட் சிப்புக்கும் அந்தச் சின்ன ஃபேன் பத்தாது, நாலு செம்பு பைப் வச்ச பழைய ஏஎம்டி ஹீட்சிங்க் என்கிட்ட ரெண்டு சும்மா கிடக்கு. தேவகோட்டைப் பக்கம் வந்தா கடைக்கு வந்து ஒண்ணை எடுத்துக்கங்க, காசு வேணாம்.