புதுப்பிப்பு: பிடிஎஃப் பிடிவாதம் தீர்ந்தது

பிடிஎஃப் கோப்புகள் உலாவியில்தான் திறக்கின்றன, எத்தனை முறை மாற்றினாலும் மறுநாள் 'பழைய குருடி, கதவைத் திறடி' என்று போன வாரம் புலம்பியிருந்தேன். தீர்ந்துவிட்டது.

குற்றவாளி, நானே நிறுவிய ஓர் இலவசத் துப்புரவு நிரல். கணினி தொடங்கும்போதெல்லாம் அது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) கைவைத்திருக்கிறது. விண்டோஸ் 10-இல் அங்கேதான் நாம் தேர்ந்தெடுத்த செயலியோடு ஒரு சரிபார்ப்புக் குறியீடும் பதிவாகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் நம் தேர்வு செல்லாது, இயல்புநிலை திரும்பிவிடும். 'எப்போதும் இதையே பயன்படுத்து' என்று நான் குறியிட்டதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்!

நிரலை நீக்கினேன். அமைப்புகளில் இயல்புநிலைச் செயலிகளுக்குள் போய், கோப்பு வகைப் பட்டியலில் (அனுமார் வால்தான்) பிடிஎஃப்பைத் தேடி மாற்றினேன். மூன்று முறை மறுதொடக்கம் செய்தும் என் தேர்வு அப்படியே நிற்கிறது. படக் கோப்புகள் பாக்கி; ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.