புதுப்பிப்பு: மாடிக் கைப்பேசியின் காற்றழுத்த அளவீடு இப்போது சரியாக வருகிறது

கடலூர் முதுநகரில் எங்கள் மொட்டைமாடியில் வைத்த பழைய கைப்பேசியின் காற்றழுத்த அளவீட்டை, காற்றழுத்தத்தை அளக்கும் உணரி (சென்சார்) இல்லாத அம்மாவின் கைப்பேசிக்கு வைஃபை வழியாக அனுப்பினால் நேரம் தாறுமாறாகக் காட்டுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

ஆண்ட்ராய்டில் ஒவ்வோர் அளவீட்டுடனும் வரும் நேரமுத்திரை நாம் பார்க்கும் கடிகார நேரம் அன்று. அந்தக் கைப்பேசி இயங்கத் தொடங்கியது முதல் கழிந்த காலத்தை நானோ நொடிகளில் சொல்லும் எண். மாடியில் இருந்தது 9 நாள்களாக அணைக்கப்படவில்லை, அம்மாவினுடையதோ அன்று காலையில்தான் அணைத்து இயக்கப்பட்டது. ஆகவே ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிட்டதே என் பிழை. அனுப்பும் கைப்பேசியிலேயே அதைக் கடிகார நேரமாக மாற்றியதும் வரைகோடு ஒழுங்குக்கு வந்தது.

திரை அணைந்ததும் அளவீடு நின்றுபோனதற்குக் காரணம் வேறு. ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணியில் இருக்கும் செயலிக்கு உணரியின் தொடர் அளவீடு கிடைப்பதில்லை. அதனால் என் செயலியை, அறிவிப்பைக் காட்டியபடி திரை அணைந்தும் தொடர்ந்து இயங்கும் முன்புலச் சேவையாக மாற்றினேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்தவர் அம்மா. காற்றழுத்த எண் சிறிது இறங்கினாலும் புயல் வருகிறதோ என்று பதறுவார். காற்றழுத்தம் நாள்தோறும் காலையும் இரவும் 10 மணியளவில் ஏறி, பிற்பகலும் அதிகாலையும் 4 மணியளவில் இறங்கும் என்பதை நேற்று வரைகோட்டிலேயே காட்டினேன். இரண்டு மேடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.