கற்பனைக் கிராமத்துக் கறிக்கடைக்கு உயிர் கொடுப்பது எப்படி?

கேட்டவர்: கல்லோடைக்காரன்

வணக்கம். பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு ஒன்றை நண்பர்களுக்காக நடத்திக்கொண்டிருக்கிறேன். களம் கல்லோடை என்ற மலையடிவாரக் கிராமம். அறுபது எழுபது வீடுகள், வருஷத்தில் நாலு மாதம் பனி, காலம் ஏறக்குறைய ஐரோப்பாவின் இடைக்காலம். அங்கே ஒரு குடும்பம் கறிக்கடை நடத்துகிறது: கிழவர், அவர் மனைவி, மகள், வீட்டோடு மாப்பிள்ளை, ஒரு பேரன்.

ஆட்டக்காரர்கள் கடைக்குள் நுழைந்தால் நான் சொல்வதெல்லாம் "ரத்தக்கறை படிந்த ஆள் ஒருவன் கட்டையில் கறி வெட்டிக்கொண்டிருக்கிறான்" என்பதுதான். எல்லாக் கதையிலும் வருகிற அதே தடியன். அந்தக் குடும்பத்தில் யார் என்ன வேலை செய்வார்கள், எதற்காகச் சண்டை போடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. போன ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் ஒரு மாட்டுப் பருமனுள்ள டிராகனைக் கொன்றுவிட்டார்கள். அதைக் கடையில் போட்டு விற்க வேண்டுமாம். என்ன செய்யலாம்?

பதில்: பழங்கதைப் பித்தன்

முதலில் ஒரு சந்தேகம். எழுபது வீட்டு ஊரில் தினமும் கறி வாங்க யார் இருக்கிறார்கள்? இடைக்கால ஐரோப்பாவில் கறிக்கடை என்பது பெரும்பாலும் நகரத்துச் சமாசாரம். இங்கிலாந்தின் யார்க் நகரில் ஷாம்பிள்ஸ் என்ற பழைய கறிக்கடைத் தெரு இன்னும் இருக்கிறது. கறியைப் பரப்பி வைத்த அகலமான ஜன்னல் பலகைகளையும் தொங்கவிட்ட கொக்கிகளையும் இன்றைக்கும் பார்க்கலாம். கிராமத்தில் அவரவர் வளர்த்த பன்றியை அவரவரே அடித்தார்கள். அதுவும் நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளான 11ஆம் தேதியை ஒட்டி. பனிக்காலம் முழுக்க எல்லா உருப்படிக்கும் தீவனம் போட முடியாது, குளிரில் கறியும் சீக்கிரம் கெடாது. அப்புறம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நாற்பது நாளும் கறி கிடையாது.

குடும்பத் தொழில் என்று வேண்டுமானால் பாரிஸைப் பாருங்கள். அங்கிருந்த பெரிய கறிச்சந்தையில் கடை போடும் உரிமை சில குடும்பங்களின் கையில் மட்டும் இருந்தது, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். 1413இல் நகரத்தையே ஆட்டிவைத்த கலவரத்துக்குப் பின்னால் இவர்கள்தான் நின்றார்கள். கலவரத்தின் முகமாக இருந்த சிமோன் கபோஷ் தோலுரிக்கும் தொழிலாளி. எதிர்க்கட்சி கை ஓங்கியதும் 1416இல் அந்தச் சந்தையையே இடித்துத் தள்ளினார்கள். கறிக்கடைக்காரரை ஓரத்தில் நிற்கும் பாத்திரமாக விட்டுவிடாதீர்கள்.

பதில்: கறிக்கடைப் பேரன்

கதை விளையாட்டு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கறிக்கடை தெரியும். தாத்தா தொடங்கிய கடையை இப்போது சித்தப்பா நடத்துகிறார். நான் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன் என்றாலும் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி என்னை யாரும் தூங்க விடுவதில்லை.

உங்கள் தடியன் வெட்டிக்கொண்டிருப்பது இந்தத் தொழிலில் சுலபமான வேலை. கஷ்டமான வேலை ஆடு வாங்குவது. சந்தையில் தாத்தா ஆட்டின் இடுப்பையும் நெஞ்சையும் ஒரு பிடி பிடித்துப் பார்த்து எத்தனை கிலோ கறி விழும் என்று மனதுக்குள் போட்டுவிடுவார். உயிரோடு இருபது கிலோ நிற்கிற ஆட்டில் ஒன்பது, பத்து கிலோ கறிதான் கிடைக்கும். ஒரு கிலோ தப்பினால் அன்றைய லாபம் போச்சு. விலையை வாயால் பேச மாட்டார்கள், துண்டை மேலே போட்டுக்கொண்டு அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். கல்லோடைக் கிழவருக்கு இந்தக் கையைக் கொடுங்கள். மாப்பிள்ளைக்கு இன்னும் அந்தக் கை வரவில்லை என்று வையுங்கள். வீட்டுச் சண்டை தானாக வந்துவிடும்.

வாங்கி வந்த ஆட்டுக்கு அன்று ராத்திரி தண்ணீர் மட்டும் காட்டுவோம், தீனி கிடையாது. துரத்தவோ மிரட்டவோ கூடாது. ஓடிக் களைத்த ஆட்டின் தசையில் இருக்கிற சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகும். அறுத்த பிறகு தசையில் ஊற வேண்டிய புளிப்பு ஊறாது. கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். ஓநாய் துரத்திய ஆட்டை உங்கள் வீரர்கள் தூக்கிக்கொண்டு வந்தால் கிழவர் தொடையைப் பார்த்தவுடன் பாதி விலைதான் சொல்வார். அவர்கள் கத்துவார்கள். கத்தட்டும்.

தோலுரிக்கக் கத்தி முதல் கீறலுக்குத்தான். மீதியெல்லாம் முஷ்டியால் தோலுக்கும் சதைக்கும் நடுவே குத்திக் குத்திப் பிரிப்பது. ஓட்டை விழுந்த தோலுக்கு விலை இல்லை. பேரனை அதில் பழக்குங்கள், வயசுப் பையனுக்கு ஏற்ற வேலை. தோலுக்கு அன்றைக்கே உப்புப் போட வேண்டும்.

பெண்களை மறந்துவிடாதீர்கள். எங்கள் கடையில் குடல், தலை, கால் மூன்றும் பாட்டியின் ராஜ்யம். குடலைத் திருப்பிப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மஞ்சள் போட்டு அலசுவதும், தலையையும் காலையும் தீயில் வாட்டிச் சுரண்டுவதும் பாட்டிதான். அந்தக் காசு தாத்தா கைக்குப் போகாது. கடன் நோட்டு அம்மாவிடம். நோட்டு என்பதே பேருக்கு, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது.

உண்மையான சண்டை எங்கே வரும் தெரியுமா? ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான், அதாவது மண்ணீரல். ஈரலையாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கலாம், சுவரொட்டி உள்ளங்கை அளவு. உடம்பு தேறாத பிள்ளைக்கு என்று ஒரு வீட்டில் முதல் நாளே சொல்லி வைத்திருப்பார்கள். அதற்குள் ஊர்ப் பெரிய மனிதர் வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்கும். யாருக்குக் கொடுப்பது? அம்மா யார் முகத்தைப் பார்த்து "இன்றைக்கு இல்லை" என்று சொன்னார் என்பதை வைத்தே எங்கள் தெருவின் அரசியலை எழுதிவிடலாம். உங்கள் வீரர்கள் அவசரத்தில் அந்தச் சுவரொட்டிக்கு ஒரு தங்கக் காசு கொடுத்து வாங்கிப் போகட்டும். அடுத்த முறை ஊருக்குள் வரும்போது யாரும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மேலே நண்பர் கேட்டது நல்ல கேள்வி. சின்ன ஊரில் ஆளைச் சேர்த்த பிறகுதான் அறுக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் கூறு போடும் வழக்கம் உண்டு. பத்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு ஆடு. எலும்பு, கொழுப்பு, ஈரல் எல்லாம் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் விழும். கல்லோடையில் வெயில் காலம் முழுக்க இப்படித்தான் நடக்கும். ஆள் சேரவில்லை என்றால் ஆடு பிழைத்தது. பனி விழுந்த பிறகுதான் கொக்கியில் கறி தொங்கும்.

கல்லோடைக்காரன்

சுவரொட்டி விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. பனி மந்திரம் தெரிந்த ஒருத்தி ஊரில் இருக்கிறாள், கறியை உறைய வைத்துவிடலாம் என்று யோசித்தேன். வேண்டாமோ? அப்புறம் அந்த டிராகன்?

கறிக்கடைப் பேரன்

பனி மந்திரத்தைத் தூக்கி எறியுங்கள் தம்பி. பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும் என்பதால்தான் விலை இறங்குகிறது, கடன் கொடுக்கிறோம், பகையாளி வீட்டுக்குக்கூட ஆள் அனுப்புகிறோம். எங்கள் கடைக்கு ஃப்ரீசர் வந்த பிறகு பாதிப் பேச்சு நின்றுபோனது.

டிராகன் பற்றி ஊகம்தான் சொல்ல முடியும். பறக்கிற பிராணி என்பதால் சதை முக்கால்வாசி நெஞ்சில் இருக்கும். பறக்காத கோழிக்கு நெஞ்சு வெள்ளை, நாளெல்லாம் பறக்கும் புறாவுக்கு நெஞ்சு சிவப்பு. டிராகனுக்கு இன்னும் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வறுத்தால் வேலைக்காகாது, நாள் முழுக்கக் கொதிக்க வேண்டும். வயிற்றைத் திறந்ததும் முதல் வேலை தீ சுரக்கும் பையை முழுசாக எடுப்பது. ஆட்டில் பித்தப்பை உடைந்தாலே பட்ட இடமெல்லாம் கசக்கும், இதில் என்ன ஆகுமோ. அந்த வேலையைக் கிழவர் மாப்பிள்ளையிடம் விடவே மாட்டார். பகடையை அங்கே உருட்டுங்கள்.

பெரிய பிரச்சினை அதற்கப்புறம்தான். மாட்டுப் பருமன் என்றால் இருநூறு கிலோ கறியாவது விழும். ஊர் முழுக்கத் தின்றாலும் தீராது. உப்புக்கண்டம்தான் போட வேண்டும். பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும் இருபது கிலோ உப்பு, தோலுக்கு வேறு தனியாக. பனிக்காலத்தில் மலையடிவாரத்தில் அவ்வளவு உப்பு யாரிடம் இருக்கிறது? உப்பு வண்டிக்காரன் ஒருவனைக் கொண்டு வாருங்கள். அவன் கேட்கிற விலைக்கு டிராகன் தோலையே கொடுக்க வேண்டி வரும். உங்கள் வீரர்கள் தோலைத்தான் நம்பி இருந்தார்கள் என்றால் இன்னும் நல்லது.